பேச்சு மன்றத்து மணிக்காரி

சனிக்கிழமை மதியம் பேச்சு மன்றம் கூடும் அறை, மாடியில் வரிசையின் கடைசியில் இருந்தது. மின்விசிறி இரண்டு. ஒன்று சுற்றும், மற்றது சுற்றுவதுபோலச் சத்தம் மட்டும் போடும். சத்தம் போடும் விசிறிக்குக் கீழேதான் டிங்கு உட்காருவாள். சுற்றுகிற விசிறி பேசுகிறவர்களுக்கு. வேர்ப்பது அவர்களுக்குத்தான் என்று மன்றம் நம்பியது.

டிங்கு பேசுவதில்லை. அவள் வேலை நேரம் பார்ப்பது. முன்பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் படுக்கவைத்து, பக்கத்தில் உள்ளங்கையால் தட்டுகிற சின்னப் பித்தளை மணியை வைத்துக்கொள்வாள். ஒருவருக்கு நான்கு நிமிடம். மூன்று முடிந்ததும் ஒரு தட்டு, முடித்துக்கொள் என்று அர்த்தம். நான்கு முடிந்ததும் இரண்டு தட்டு. அதற்குமேல் பேசினால் மதிப்பெண் குறையும். அந்த மணிச் சத்தத்தையே அவளுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். உண்மைப் பெயரை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

மன்றத்தின் செயலாளன் சட்டையை இடுப்புக்குள் செருகி, பேசப் பிறந்தவன்போல நடப்பான். ஒரு தடவைகூட கடிகாரத்தைப் பார்த்ததில்லை. முதல் மணி கேட்டதும் வலது கை தானாக உயரும், "ஆகவே, நடுவர் அவர்களே" என்பான். இரண்டாவது மணி கேட்டதும் "நன்றி, வணக்கம்" என்பான். மற்றவர்களும் அப்படித்தான். எப்படி ஆரம்பிப்பது, எப்படிக் குரலை ஏற்றுவது என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எப்படி முடிப்பது என்பதை மட்டும் மணியிடம் விட்டுவிட்டார்கள்.

பொறுப்பாசிரியர் வணிகவியல் மேடம். மன்றத்தை அவர் கேட்டு வாங்கவில்லை. எந்த மன்றம் யாருக்கு என்று பிரித்த கூட்டத்தன்று அவர் காய்ச்சலில் விடுப்பு எடுத்திருந்தார். வராத ஆள் தலையில் கட்டிவிட்டார்கள். வாரம் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், சனிக்கிழமை வந்து பின்சுவரோரம் நாற்காலியைப் போட்டு, மடியில் விடைத்தாள் கட்டை வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவைத் திறந்தபடியே தூங்கிவிடுவார். பேனா மடியில் புள்ளி வைக்கும். இரண்டு தட்டு கேட்டதும் திடுக்கிட்டு எழுந்து "நல்லா இருந்துச்சு, அடுத்தது யாரு?" என்பார். இதைப் பார்த்துப் பார்த்து டிங்கு மணியைத் தட்டுகிற விதத்தையே மாற்றிக்கொண்டாள். தட்டியதும் கையை எடுக்காமல் மணிமேலேயே வைத்திருந்தால் சத்தம் அமுங்கிவிடும். பேசுகிறவனுக்குக் கேட்கும், பின்சுவர் வரைக்கும் போகாது.

இன்னொருத்தி இருந்தாள். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் எதிர்த்தே பேசுவாள் என்பதால் அவளுக்கு எதிரணி என்றே பெயர். மேடையில் மட்டும் இல்லை. "இன்னிக்கு வெயில் அதிகம்ல?" என்று யாராவது சொன்னால் "எதை வச்சு சொல்ற?" என்பாள்.

இப்படி எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு சிக்கல். டிங்கு அந்தப் பள்ளியில் படிக்கவில்லை.

முன்பு படித்தாள். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து அரையாண்டு வரை வந்தாள். அவள் அம்மா மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விட்டுப்போனது. படுத்துக்கொண்டால் வலிக்காது, நின்றால் உயிர் போகும். அதே கூடத்தில் வேலை செய்த சித்திதான் வந்து சொன்னாள்.

"அக்கா எழுந்து நடமாடற வரைக்கும் நீ போய் நில்லுடி. வேற ஆள போட்டுட்டாங்கன்னா அப்புறம் அந்த இடம் கிடைக்காது. பஸ்ல கைக்குட்டை போட்டு சீட் பிடிப்போம்ல, அந்த மாதிரி நெனச்சுக்கோ."

கைக்குட்டையாக டிங்கு போனாள். பள்ளியில் பெயரை எடுத்துவிட்டார்கள். அவள் படித்த சி பிரிவிலிருந்து பேச்சு மன்றத்துக்கு வந்தது அவள் ஒருத்திதான், அதனால் மன்றத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது.

அலமாரிப் பூட்டு உடைந்திருந்ததால் மன்றத்து மணி அவள் பையிலேயே இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான், வேலைக்குச் சேர்ந்த வாரத்தின் சனிக்கிழமை மாடிக்கு வந்தாள். சனிக்கிழமை யாரும் சீருடை போடுவதில்லை. வாசலில் நின்று என்ன சொல்லி மணியைத் திருப்பிக் கொடுப்பது என்று வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, செயலாளன் உள்ளிருந்து பார்த்துவிட்டான்.

"வந்துட்டியா டிங்கு, உனக்காகத்தான் உட்கார்ந்திருக்கோம். வா வா, உட்காரு."

உட்கார்ந்தாள். அடுத்த சனிக்கிழமையும் உட்கார்ந்தாள். கோடை விடுமுறை வந்து போனது. எல்லோரும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனார்கள், அவளும் கூடவே போனதாக எல்லோரும் நினைத்தார்கள். ஏ பிரிவுக்காரர்கள் அவளை பி என்று எண்ணினார்கள். பி பிரிவுக்காரர்கள் ஏ என்று எண்ணினார்கள். வணிகவியல் மேடம் எண்ணவே இல்லை. சலவைக்கூடத்தில் சனிக்கிழமை அரைநாள்தான். அம்மாவிடம் மட்டும் இப்போது அதையும் முழுநாள் ஆக்கிவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருந்தாள். வாரத்தில் அந்த ஒரு மதியம் தவிர வேறு எதற்காகவும் அவள் காத்திருந்ததில்லை.

*

ஒரு சனிக்கிழமை செயலாளன் கூட்டம் தொடங்கும் முன்பே மேஜைமேல் ஏறி உட்கார்ந்தான். முகத்தில் கல்யாணக் களை.

"எல்லாரும் கேளுங்க. அடுத்த வாரம் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி நம்ம ஸ்கூல்லதான். நம்ம மெயின் ஹால்ல. தலைமை ஆசிரியர் முன்வரிசையில உட்காருவாரு. எல்லாரும் முழுச் சீருடை. கழுத்துல அடையாள அட்டை கண்டிப்பா தொங்கணும்."

"சனிக்கிழமை எதுக்கு சீருடை?" என்றாள் எதிரணி.

"வெளி ஸ்கூல்காரங்க வர்றாங்க. யாரு நம்மாளு யாரு வெளியாள்னு தெரிய வேண்டாமா?"

"எங்க மூஞ்சி உனக்குத் தெரியாதா?"

"உன் மூஞ்சிய மறக்க முடியுமா? கனவுல வந்து எதிர்த்துப் பேசுது." எல்லோரும் சிரித்தார்கள். செயலாளன் டிங்குவின் பக்கம் திரும்பினான். "உனக்கு மேடையிலயே தனி மேஜை. போன வருஷம் அந்த இன்னொரு ஸ்கூல்ல நடந்தப்ப மணி அடிக்கறதுல அவங்க பசங்களுக்கு மட்டும் சலுகை காட்டினாங்கன்னு எவ்வளவு பெரிய சண்டை! இந்தத் தடவ எல்லா ஸ்கூலும் நம்ம டிங்குவையே போடச் சொல்லிட்டாங்க. அவ ஒரு செகண்டு கூட யாருக்கும் விட மாட்டான்னு பேரு."

டிங்குவுக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தன. எழுந்து நின்றாள். அவள் எழுந்து நிற்பதை மன்றம் அதுவரை பார்த்ததில்லை.

"நான் வேணாம். வேற யாரையாவது..."

"ஏன் வேணாம்?" எதிரணி உடனே பிடித்துக்கொண்டாள். "காரணம் சொல்லு. காரணம் இல்லாம வேணாம்னா அது மறுப்பு இல்ல, அடம்."

காரணம் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. அங்கேயே ஒட்டிக்கொண்டது. சொன்னால் இந்த அறை போய்விடும். சொல்லாமல் சீருடையும் அட்டையும் இல்லாமல் போனாலும் போய்விடும். அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"பார்த்தியா, காரணமே இல்ல," என்றாள் எதிரணி. "தீர்மானம் நிறைவேறியது."

பின்சுவரோரம் வணிகவியல் மேடம் கண்ணைத் திறக்காமலேயே தலையை ஆட்டினார்.

*

சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்புகளை இரண்டு பேராகத்தான் மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, விரித்து, ஒரு உதறு உதறி, பாதியாக்கி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள். சேர்க்கிற அந்தக் கணத்தில்தான் சித்தியும் டிங்குவும் பேசிக்கொள்வது. பின்னால் போகும்போது இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

அந்த வாரம் சூட்டு உருளை பழுதாகிவிட்டது. விரிப்பைச் சுருக்கமில்லாமல் தேய்த்து வெளியே தள்ளுகிற இயந்திரம் அது. அது நின்றதால் எல்லாவற்றையும் கையாலேயே தேய்த்து மடிக்க வேண்டியிருந்தது. மருத்துவமனைக்கு நோயாளிகள் வருவதா நிற்கும்? துணி மலைபோலக் குவிந்தது. தோள்பட்டை கழன்று விழுவதுபோல இருந்தது. வெளுப்பு மருந்து விரல் இடுக்குகளைத் தின்றிருந்தது.

"அங்க என்ன பெரிய வேலை செய்யற நீ?" முனையைச் சேர்த்தபடி சித்தி கேட்டாள். "மணி அடிக்க ஒரு ஆளு, தூங்க ஒரு டீச்சரு. நல்ல மன்றம்டி."

"சீருடை வேணும் சித்தி."

பின்னால் போனார்கள். உதறினார்கள். மறுபடி சேர்ந்தார்கள்.

"உன்னுது எங்க?"

"அம்மா தலையணை உறை தைச்சுட்டாங்க."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுல படுத்தா கனவுல பரீட்சைதான் வரும்." அடுத்த முறை எதிரே வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. "நான் ஒண்ணு சொல்லவா? வயித்து வலின்னு சொல்லிட்டு போகாம இரு. எத்தன நாளைக்கு இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு போவ?"

"எல்லா ஸ்கூலும் என்னையே கேட்டிருக்காங்க சித்தி."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமை சித்திக்குக் கேட்டது. அடுத்த விரிப்பு, அதற்கடுத்த விரிப்பு என்று மடித்தார்கள். பிறகு சித்தியே சொன்னாள்.

"எங்க மேல்வீட்டுப் பொண்ணு போன வருஷம்தான் அங்க படிச்சு முடிச்சா. கேட்டு வாங்கித் தர்றேன். குள்ளம் அவ, பாவாடை ஏறித்தான் இருக்கும். ஊக்கு குத்திக்கோ. அட்டைக்கு என்ன பண்ணுவ?"

"அதான் தெரியல."

"கழுத்துல கயிறு தெரிஞ்சா போதும்டி. நம்ம வேலை அட்டைக் கயிறும் நீலம்தான். அட்டைய சட்டைப் பைக்குள்ள திருப்பிப் போட்டுக்கோ. எவன் வந்து பையில கை விட்டுப் பார்க்கப் போறான்?"

வெள்ளிக்கிழமையும் உருளை சரியாகவில்லை. பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை காலையும் மேற்பார்வையாளர் யாரையும் விடுவதாக இல்லை. "இவ பங்கையும் நானே மடிக்கறேன் சார். கட்டில் காலுல ஒரு முனையைக் கட்டிட்டு மடிக்கறேன், போதுமா?" என்று சித்தி சண்டை போட்டுத்தான் அவளை வெளியே தள்ளினாள். கழிப்பறையில் சீருடையை மாட்டிக்கொண்டு டிங்கு பேருந்தைப் பிடித்தாள். நின்றுகொண்டே போனாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பயம்.

*

பெரிய கூடம் நிரம்பியிருந்தது. மேடையில் ஒரு பக்கம் பேசுகிறவர்களுக்கு ஒலிபெருக்கி, மறுபக்கம் சிவப்புத் துணி போர்த்திய சின்ன மேஜை. டிங்கு கடிகாரத்தைக் கழற்றி வைத்தாள், மணியை வைத்தாள். கயிறு கழுத்தில் இருந்தது, அட்டை பையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. வெளிப்பள்ளி ஆசிரியர் ஒருவர் அவளைச் சுட்டிக்காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார், அவர் மதிப்போடு தலையசைத்தார்.

தலைப்பு: மாணவர்கள் ஓய்வு நேரத்தை வீணாக்குகிறார்கள்.

முதலில் வந்த மூன்று பேருக்கும் அவள் நேரம் தவறாமல் மணி அடித்தாள். ஒரு பெண் கெஞ்சுகிற கண்ணோடு திரும்பிப் பார்த்தபோதும் விடவில்லை. எதிரணி வந்து தன் முறைக்கு எல்லோரையும் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டு, இரண்டாவது மணிக்கு வாக்கியத்தைப் பாதியில் கடித்துத் துப்பியதுபோல நிறுத்தினாள். கைதட்டல் வந்தது. அடுத்து செயலாளன். அவனும் நன்றாகப் பேசிவிட்டால் கோப்பை நம் பள்ளிக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

செயலாளன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். ஏற்ற இறக்கத்தோடு, தாளம்போல வந்தது அவன் குரல். சலவை இயந்திரம் கடைசிச் சுற்றில் இப்படித்தான் ஒரே சீராக ஓடும். மேடைக்கு மேலே நல்ல விசிறி. இரண்டு நாளாக நின்ற கால்கள் முதல்முறையாக மேஜைக்கு அடியில் நீண்டன. டிங்கு கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்தாள். அது ஓடுவதைப் பார்த்தாள். அப்புறம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

செயலாளன் தன் முதல் கருத்தைச் சொன்னான், இரண்டாவதைச் சொன்னான், மூன்றாவதையும் சொன்னான். வழக்கமாக இந்த இடத்தில் மணி அடிக்கும். அடிக்கவில்லை. அப்படியென்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்து ஒரு கதை சொன்னான். மணி அடிக்கவில்லை. முதல் கருத்தையே வேறு வார்த்தைகளில் சொன்னான். மணியில்லை. அவனுடைய வலது கை பாதி உயர்ந்து, எதற்கோ காத்திருந்து, மறுபடி இறங்கியது. டிங்கு ஒரு செகண்டு கூட யாருக்கும் விடமாட்டாள் என்று அவனே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அவளைத் திரும்பிப் பார்ப்பது அவளைச் சந்தேகப்படுவதுபோல ஆகும் என்று பார்க்கவில்லை. "மேலும், நடுவர் அவர்களே" என்றான். "அதுமட்டுமல்ல, நடுவர் அவர்களே" என்றான். வேர்வை காதோரம் வழிந்தது. தெரிந்த நல்ல கருத்தெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் ஓய்வு நேரத்தை மாணவர்கள் வீணாக்கவில்லை என்று எதிர்க்கட்சிக்கும் சேர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டான்.

கூடத்தில் முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு சலசலப்பு. யாரோ ஒருவன் பின்னாலிருந்து "அண்ணே, போதும் விடுங்கண்ணே!" என்று கத்தினான்.

வணிகவியல் மேடம் வழக்கம்போல ஓரத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பியது அந்தக் கத்தல் இல்லை. கத்தலில் தூங்கப் பழகியவர் அவர். வர வேண்டிய ஒன்று வரவில்லை என்பது தூக்கத்துக்குள் எங்கேயோ உறுத்தியிருக்க வேண்டும். கண்ணைத் திறந்து நேராக மேடையின் ஓரத்தைப் பார்த்தார். எழுந்து, பக்கப் படியில் ஏறி, சிவப்புத் துணி மேஜைக்குப் போனார். டிங்கு கன்னத்தை மணிக்குப் பக்கத்தில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மேடம் குனிந்து மணியை இரண்டு தடவை தட்டினார்.

"நன்றி, வணக்கம்" என்றான் செயலாளன், உயிர் வந்தவனாக.

சத்தத்தில் டிங்கு எழுந்தாள். எதிரே கூடம் முழுக்கக் கண்கள். என்ன நடந்தது என்பது புரிய அவளுக்கு ஒரு மூச்சு போதுமாயிருந்தது.

தலைமை ஆசிரியர் மேடைக்கே வந்துவிட்டார். விருந்தாளிகள் முன்னால் மானம் போன ஆத்திரம் அவருக்கு. ஒலிபெருக்கியை யாரும் அணைக்கவில்லை.

"எந்த வகுப்பும்மா நீ?"

டிங்கு மணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சார், அவ பி பிரிவு," என்றான் செயலாளன்.

"பியா? என் வகுப்புல இவ இல்லயே," கீழே இருந்த பி பிரிவு ஆசிரியர் எழுந்தார். "ஏவா இருக்கும் சார்."

"ஏயில நான் இருக்கேன் சார்," என்றாள் எதிரணி. "இவ ஏ இல்ல." சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்பியவள்போல டிங்குவைப் பார்த்தாள்.

"அட்டைய எடு," என்றார் தலைமை ஆசிரியர்.

டிங்கு சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டாள். அவள் எடுக்காவிட்டால் அவர் கயிற்றைப் பிடித்து இழுப்பார் என்று தெரிந்தது. அதற்கு முன் தானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அது தைரியம் இல்லை, அலுப்பு. இனியும் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது, கீழே வைத்துவிட வேண்டும் என்கிற அலுப்பு.

"நான் இங்க படிக்கல சார். முன்னாடி படிச்சேன். இப்ப சலவைக்கு போறேன்."

ஒலிபெருக்கி அதைக் கூடத்தின் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோனது. அவள் இவ்வளவு பேசி மன்றம் அன்றுதான் முதலில் கேட்டது.

"வெளியாள் எப்படி உள்ள வந்தா? யாரு பொறுப்பு இதுக்கு?"

"வெளியாள்னு எதை வச்சு சார் சொல்றீங்க?" எதிரணி மேடைக்குக் கீழே வந்து நின்றாள். "ஒரு வருஷமா ஒரு கூட்டம் விடாம வந்திருக்கா. எங்கள்ல யாரு அப்படி வந்தோம்?"

"நீ போய் உட்காரு."

"நீங்க பதில் சொல்லுங்க சார், உட்காருறேன்."

"உட்காருன்னேன்!"

எதிரணி நின்றுகொண்டே இருந்தாள். ஆனால் அதனால் ஒன்றும் மாறவில்லை. நடுவர்கள் குனிந்து பேசி, நேரம் மீறியதற்காகச் செயலாளனின் மதிப்பெண்ணை முழுவதும் கழித்தார்கள். கோப்பை வேறு பள்ளிக்குப் போனது.

*

கூடத்திலிருந்து இறங்குகிற மாடிப்படியின் திருப்பத்தில் டிங்கு நின்றாள். செயலாளன் வேகமாக இறங்கி வந்து அவளைக் கடந்து போனான், பிறகு திரும்பி வந்தான்.

"தொண்டையே வத்திப்போச்சு எனக்கு. இப்ப அடிப்ப, இப்ப அடிப்பன்னு... ஒரு தடவ திரும்பிப் பார்த்திருந்தா முடிஞ்சிருக்கும். நான்தான் பார்க்கல." திட்ட வந்தவன் எங்கேயோ வழி தவறிவிட்டான். "எனக்கு ஓட்டுப் போட்டு செயலாளர் ஆக்கினவங்கள்ல நீயும் ஒருத்தி. அது செல்லுமா செல்லாதா இப்ப?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனான்.

வணிகவியல் மேடம் மெதுவாக, ஒவ்வொரு படிக்கும் முழங்காலைக் கேட்டுக்கொண்டு இறங்கி வந்தார். டிங்கு பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் தூங்கறது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"அதனாலதான் சத்தம் வராம அமுக்கி அடிப்பியா?"

டிங்கு தலையை ஆட்டினாள்.

"நான் தூங்கறேன்னு தெரிஞ்சும் நீயும் தூங்கினா எப்படிம்மா? ரெண்டு பேர்ல ஒருத்தராவது முழிச்சிருக்க வேண்டாமா?" அதில் கோபம் இல்லை. வேலை முடிந்து இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல இருந்தது. "எனக்கு மெமோ வரும். வரட்டும். உன்ன இனிமே உள்ள விட வேணாம்னு வாசல்ல சொல்லிட்டாங்க. நான் பேசிப் பார்த்தேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது."

"பரவால்ல மேடம்."

"பரவால்லன்னு சொல்லாதே. எனக்கு ஒரு மாதிரி இருக்கு." மேடம் அவள் கையை எடுத்துத் திருப்பி, விரல் இடுக்கில் வெந்திருந்த தோலைப் பார்த்தார். "சரி, அடுத்த வாரம் யாரை உட்கார வைக்கறது?"

டிங்கு யோசித்தாள். அந்த மேஜையை இன்னொருவருக்குக் கொடுப்பது, ஒரு பல்லைத் தானே பிடுங்கிக் கொடுப்பதுபோல இருந்தது. ஆனாலும் யார் சரியான ஆள் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"எதிரணிய வைங்க மேடம். அவ யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டா."

"ஐயோ, என்னைத் தூங்க விடுவாளா அவ?" என்றார் மேடம்.

டிங்கு மணியைப் பையிலிருந்து எடுத்தாள். தட்டிக் காட்டினாள், கையை எடுக்காமல் மணிமேலேயே வைத்து. படிக்கட்டில் சத்தம் அமுங்கி நின்றது. "இப்படி அடிக்கச் சொல்லுங்க," என்றாள். மணியை மேடம் மடியில் வைத்துவிட்டு, எழுந்து, வாசல் வழியாக வெளியே போனாள்.

*

அடுத்த சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் போக ஒரு இடமும் இல்லை. சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இங்க நின்னு சுவத்த முறைச்சுக்கிட்டு இருக்காத. வீட்டுக்குப் போய் தூங்குடி. மனுஷி மாதிரியா இருக்க?"

போனாள். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்து, முகத்தைக்கூட கழுவாமல் படுத்தாள். இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்தாய் என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது, பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டாள். கனவு ஏதும் இல்லை.

எழுந்தபோது ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. அம்மா சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் களைப்பும் ஒருவித உற்சாகமும் கலந்திருந்தன. ரொம்ப நாளாக அந்த முகத்தில் அதைப் பார்த்ததில்லை.

"யாருடி அது, ஒரு பொண்ணு வந்துச்சு? ஸ்கூல் ஆபீஸ்ல பழைய ரெஜிஸ்டரப் பார்த்து விலாசம் வாங்கினாளாம். கதவத் தட்டித் தட்டி, எழுந்து வர எனக்கு உயிர் போச்சு."

டிங்கு எழுந்து உட்கார்ந்தாள். "நீ எழுந்து நடந்தியா?"

"பின்ன, கதவு தானா வந்து திறக்குமா? சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். அவ உன்ன எழுப்பச் சொன்னா. நான் முடியாதுன்னேன். 'ஏன் எழுப்பக் கூடாது, காரணம் சொல்லுங்க'ங்கறா! பெத்தவகிட்ட காரணம் கேக்கறாடி! நானும் விடல. அவ ஒண்ணு சொன்னா நான் ஒண்ணு சொன்னேன். வாசல்ல நின்னுக்கிட்டே நடந்துச்சு. அப்புறம்தான் உள்ள வந்து உட்காருன்னேன்."

"என்ன வேணுமாம் அவளுக்கு?"

"எங்ககிட்ட ஏன் சொல்லலன்னு உன்னக் கேக்கணுமாம். அத ஒண்ண மட்டும் கேட்டுட்டு போயிடறேன்னா." அம்மா போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "சனிக்கிழமை எல்லாம் அங்கதான் போனியாமே."

டிங்கு தலையைக் குனிந்துகொண்டாள்.

"முழுநாள் வேலைன்ன. நானும் நம்பினேன். பாவம் பொண்ணு சனிக்கிழமை கூட ஓய்வில்லாம சாகுதேன்னு இந்தக் கட்டில்ல கிடந்து அழுதிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சந்தோஷமா போயிட்டு வான்னு சொல்லியிருப்பேன்ல?"

வெளியே யாரோ குடம் நிறைக்கிற சத்தம் கேட்டது.

"எல்லாத்துக்கும் எதிர்த்துப் பேசிச்சு அந்தப் பொண்ணு. ஆனா இந்த ஒரு விஷயத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி. நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கேன். அவ வந்து கேக்கறதுக்கு முன்னாடி நீ எனக்கு பதில் சொல்லியாகணும்." அம்மா கால்களைக் கட்டிலிலிருந்து மெல்ல இறக்கினாள். முகம் சுளித்தாள், ஆனால் நிறுத்தவில்லை. "முதல்ல போய் முகம் கழுவிட்டு வா. வந்து உட்காரு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ, ஆனா பேசு."